மூன்றாம் ஓலையும் புதிய பாப்பரசரும்

புதிய பாப்பரசர் தேர்வான செய்தியைக் கேட்டு எங்கள் குடும்பத்தில் அதிகம் பயந்தவள் என் தங்கை. அதிகம் நிம்மதி அடைந்தவன் நான். இரண்டுக்கும் காரணம் என் பீரோவில் கிடந்த ஒரு பழுப்பு உறை. அதைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அறுபத்தொரு வயதாகிவிட்டது, இப்போதாவது சொல்லிவிடுகிறேன். இரண்டு பாப்பரசர்களின் பெயரும் ஊருக்கே தெரியும் என்பதால் இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டு ஆட்களின் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டாம் என்பதால் அவற்றையும் எழுதவில்லை.

நான் ஒரு தாலுகா ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, புதிதாக வந்த மனைகளில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் வாசகம் படிப்பதும், பூசை முடிவில் அறிவிப்புகளைப் படிப்பதும் என் வேலை. எனக்கு நல்ல குரல் என்று எங்கள் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி சொல்வார். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அதை எங்கே திறக்க வேண்டுமோ அங்கே திறக்கவில்லை என்பதுதான் என் கதை.

என் தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊசி குத்தினது தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று நோயாளிகள் அவளுக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் கணவரோடு இருக்கிறாள். குழந்தை இல்லை. அந்தக் கணவர் அவளுடைய இரண்டாவது கணவர். எலெக்ட்ரீஷியன், புராட்டஸ்டண்ட் சபைக்காரர், தங்கமான மனிதர். பதினோரு வருடத்துக்கு முன் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் போகவில்லை. கோயிலில் நடந்த முதல் கல்யாணம் எங்கள் திருச்சபைக் கணக்கில் இன்னும் உயிரோடு இருந்ததால், அன்றிலிருந்து அவளுக்கு நற்கருணை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், கிடையாது.

அதற்காக அவள் பூசைக்கு வராமல் இருந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கணவரை அவருடைய சபையில் விட்டுவிட்டு எங்கள் கோயிலுக்கு வந்துவிடுவாள். எங்கள் கோயிலில் முன்னால் நாலு வரிசை பெஞ்சு, பின்னால் பாய். நன்மை வாங்கும் நேரம், அதாவது நற்கருணை வாங்கும் நேரம், எல்லோரும் எழுந்து வரிசையில் போக, பாயில் மிஞ்சுவது இன்னும் புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்காத சின்னப் பிள்ளைகள் மட்டும்தான். அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே என் தங்கை உட்கார்ந்திருப்பாள். கைக்குழந்தைகளை மடியில் வாங்கிக்கொள்வாள், ஓடுகிற பிள்ளையை எட்டிப் பிடிப்பாள். தாய்மார்கள் அவளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வரிசைக்குப் போவார்கள். வாசகம் படிப்பவன் என்பதால் எனக்குப் பீடத்துக்குப் பக்கத்தில், ஜனங்களைப் பார்த்தபடி நாற்காலி. பதினோரு வருடமாக இதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த முதல் கல்யாணத்தை ஏற்பாடு செய்தவன் நான். அப்பா இறந்து இரண்டு வருடம். தங்கைக்கு இருபத்திரண்டு வயது. திருமங்கலம் பக்கத்தில் நல்ல குடும்பம், பையனுக்கு மில்லில் வேலை, நம் சபை, நம் சாதி. நான்கு பொருத்தமும் பார்த்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். வாசிப்பது காகிதம்தான், பெயர் மட்டும் ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியிடம் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று வாரமும் அதே வாசகம். யாரும் எதையும் தெரிவிப்பதில்லை. மூன்றாவது ஓலை வாசித்ததும் மாப்பிள்ளை வீட்டில் முறுக்கு சுடத் தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது ஓலைக்கும் மூன்றாவது ஓலைக்கும் நடுவில் ஒரு வியாழக்கிழமை, என் தங்கை மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் என்னைக் கூப்பிட்டாள். அந்த ஆள் தனியாகப் பேசியபோது பேசிய விதம் பயமாக இருக்கிறது, கல்யாணம் வேண்டாம் என்றாள். எடுத்த துணியை மறுபடியும் கொடியிலேயே போட்டாள். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது என்றேன். அழுதாள். நீ மாட்டேன் என்றால் நான் வைகையில் விழுந்து சாவேன், அப்பா இல்லாத வீட்டில் அண்ணனும் இல்லாமல் போகட்டும் என்றேன். அந்த வருடம் வைகையில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. சிம்மக்கல் பக்கம் ஆற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவள் நம்பிவிட்டாள். துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அந்த ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடம் வந்தது. அறிந்தவன் நான். மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில், கை கட்டி உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் மூன்று வருடம் நின்றது. அவள் ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்த அன்று இடது மணிக்கட்டில் கட்டு இருந்தது. விழுந்துவிட்டேன் என்றாள். அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஆள் வேறு ஒரு பெண்ணோடு திருப்பூருக்குப் போய்விட்டார். கோர்ட்டில் விவாகரத்து ஆனது. பிறகு பன்னிரண்டு வருடம் தனியாக இருந்து, இந்த எலெக்ட்ரீஷியனைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடம் நான் அவளோடு பேசவில்லை. என் மனைவிதான் ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னிடம் சொல்லாமல் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டு அதை முடித்துவைத்தாள். அதற்குப் பிறகும் அந்த மனிதரை நான் மாப்ள என்று கூப்பிடவில்லை. வாங்க, உட்காருங்க, அவ்வளவுதான். முதல் ஆளை மாப்ள மாப்ள என்று வாய் நிறையக் கூப்பிட்டவன் நான்.

இறந்துபோன பாப்பரசர் மேல் என் தங்கைக்குத் தனிப் பிரியம். அவளைப் போன்றவர்களைப் பற்றி அவர் இரக்கமாகப் பேசினார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருடைய படத்தை ஃபோனில் வைத்துக்கொண்டாள். முதல் கல்யாணம் முறைப்படி நடக்கவே இல்லை என்று நிரூபித்தால் திருச்சபையே அதைச் செல்லாது என்று அறிவிக்கும், இப்படிப்பட்ட மனுக்களை இழுக்காமல் முடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று பங்குச்சாமியும் சொன்னார். அவளும் ஆயர், அதாவது பிஷப், அலுவலகத்தில் இருக்கும் திருமண நீதிமன்றத்துக்கு மனுப் போட்டாள். கூண்டு, கறுப்புக் கோட்டு எதுவும் இல்லாத நீதிமன்றம் அது. சாமியார்கள்தான் விசாரிப்பார்கள். தன்னைக் கட்டாயப்படுத்திக் கட்டிவைத்தார்கள் என்பது அவள் மனு. சாட்சி என்று அவள் எழுதிக் கொடுத்த பெயர் என்னுடையது.

அந்த அழைப்புக் கடிதம்தான் பழுப்பு உறை. வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் கேள்விகளும் இருந்தன. பெண் முழு மனதோடு சம்மதித்தாரா, அச்சுறுத்தல் ஏதும் இருந்ததா, இருந்தால் யாரால். படித்துவிட்டு வீட்டுப் பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். ஒரு மனுவை நிராகரிக்காமலே சாகடிக்கிற வித்தை ஆபீஸில் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மாட்டேன் என்று எழுதினால்தான் வம்பு. மேசையிலேயே வைத்திருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாதம் கழித்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. அதையும் அதே இடத்தில் வைத்தேன். தங்கை ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரியாது, ஆயர் அலுவலகம்தான் தாமதம் செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான், ஈஸ்டர் முடிந்த கையோடு பாப்பரசர் இறந்தார். கோயிலில் அவர் படத்துக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். பூசையில் பாப்பரசர் பெயரைச் சொல்லும் இடத்தில் பங்குச்சாமி பெயர் சொல்லாமல் கடந்து போனார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறினார். பின்னால் பாயில் உட்கார்ந்து என் தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு இரண்டு வாரம் எங்கள் பங்கில் நடந்தது சட்டமன்றத் தேர்தலேதான். இந்த முறை ஆசியாக்காரர்தான் என்று பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் உபதேசியார் அடித்துச் சொன்னார். ரொம்பத்தான் தளர்த்திவிட்டார்கள், இனி கண்டிப்பான ஆள் வர வேண்டும் என்று பங்குப் பேரவைச் செயலாளர் சொன்னார். இளைஞர்கள் ஃபோனில் படங்களை வைத்துக்கொண்டு யாருக்கு எத்தனை வாய்ப்பு என்று பேசினார்கள். எங்கள் மெயின் ரோட்டு டீக்கடை அண்ணன் ஒவ்வொரு காலையும் நிலவரம் கேட்பார். தங்கை கணவர் மட்டும், எங்களுக்குப் பாப்பரசரே கிடையாது மச்சான், அதனால சண்டையும் கிடையாது என்று சிரித்தார்.

தேர்வான செய்தி வந்தபோது நான் தூங்கிவிட்டேன். விடிந்து ஃபோனைத் திறந்தால், எங்கள் தெருக் கோயில் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் குழுவில் செய்தி மலையாகக் குவிந்திருந்தது. ஒருவர் அல்லேலூயா போட்டிருந்தார். அடுத்தவர் ஆசியாக்காரர் வராததற்குக் கைகூப்பி வருத்தம் தெரிவித்திருந்தார். புதியவர் ரோமாபுரியில் ஜனங்களைப் பார்க்க மாடத்துக்கு வரும்போது பழைய முறைப்படி சிவப்பு மேலாடை போர்த்தி வந்தார் என்று செயலாளர் மூன்று முறை எழுதி, மூன்று முறையும் பூங்கொத்து வைத்திருந்தார். என் மனைவிக்கு முகம் பிடித்துப்போயிற்று, அமைதியான முகம் என்றாள். டீக்கடையில் அண்ணன், உங்க ஆளு ஜெயிச்சுட்டாரு போல, எம்புட்டு ஓட்டு வித்தியாசம் என்று கேட்டார். அதெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள் என்றதற்கு அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

டீ குடித்துவிட்டு வந்தால் தங்கை வேலைக்குப் போகும் உடையில் எங்கள் வாசலில் நின்றாள். வீட்டுக்குள் வரவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பழையவரு வெறும் வெள்ளையில வந்தாரு. இவரு சிவப்பு போத்திக்கிட்டு வாராரு. கண்டிப்பான ஆளு போல. இனிமே என் மனு செல்லாதுல்ல?"

 ஆபீஸில் நான் பார்த்த உலகம் அப்படித்தான். ஆட்சி மாறினால் போன ஆட்சியில் கொடுத்த மனுவெல்லாம் மூட்டை கட்டி மூலைக்குப் போகும். திட்டத்தின் பெயரும் மாறும், ஜனங்கள் மறுபடியும் முதலிலிருந்து வரிசையில் நிற்பார்கள். ரோமாபுரியிலும் அப்படித்தானே இருக்கும் என்று உண்மையிலேயே எனக்குத் தோன்றியது. அதோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இனி அந்த உறையை நான் திறக்க வேண்டியதில்லை. பழி என் மேல் இல்லை, கடல் கடந்து சிவப்புப் போர்த்திக்கொண்டு நிற்கிறவர் மேல். அந்த நிம்மதி என் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இருக்கலாம் என்றேன். ஆட்சி மாறுனா அப்படித்தாம்மா என்றேன்.

சரிண்ணே, விடு என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவள் போவதை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தடவை தலைமுடியைச் சரி செய்துகொண்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஞாயிறு எங்கள் கோயிலில் இரட்டை விசேஷம். புதிய பாப்பரசருக்காக நன்றிப் பூசை, அதோடு பிள்ளைகளுக்குப் புதுநன்மை. பூசையில் பாப்பரசர் பெயர் வரும் இடத்தில் பங்குச்சாமி பழக்கதோஷத்தில் இறந்தவர் பெயரைச் சொல்லிவிட்டார். சொன்னதும் நிறுத்தி, தொண்டையைச் செருமி, புதிய பெயரைச் சொன்னார். கோயிலில் லேசாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் தங்கை சிரிக்கவில்லை.

என் தங்கையோடு ஒட்டிக்கொண்டே திரிகிற ஒரு பெண் குழந்தை உண்டு, எதிர்வீட்டுப் பிள்ளை. நாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவள் பக்கத்தில்தான் உட்காரும். அந்தப் பிள்ளைக்கும் அன்று புதுநன்மை. வெள்ளைக் கவுன், தலையில் துணிப் பூ வைத்த சின்னக் கிரீடம், கையில் மெழுகுவர்த்தி. முன் பெஞ்சில் மற்ற பிள்ளைகளோடு உட்கார வைத்திருந்தார்கள். நன்மை வாங்கியதும் அது வரிசையை விட்டு விலகி, பழக்கத்தில் நேராகப் பின்னால் பாய்க்கு ஓடியது. தங்கை அதன் கிரீடத்தை நேராக்கிவிட்டு, முன்னால் போய் உட்காரும்படி கை காட்டினாள். பிள்ளை அசையவில்லை. அந்தப் பிள்ளையின் குரல் ஊருக்கே கேட்கும். எனக்கும் கேட்டது.

"அத்தை, நான் வாங்கிட்டேன். உங்களுக்கு எப்ப புதுநன்மை?"

தங்கை என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிள்ளையை மெதுவாகத் திருப்பி முன்னால் அனுப்பிவைத்தாள். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பாயில் அப்போது மிஞ்சியிருந்தது இரண்டு கைக்குழந்தைகளும் அவளும்தான். அவள் தலையைக் குனிந்து ஒரு குழந்தையின் காலுறையை இழுத்துவிட்டாள். எதிரே நாற்காலியில், நாவில் நற்கருணை கரைய, நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில், அத்தனை பேர் முன்னால், வாசகப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து உறையை எடுத்தேன். எங்கே என்று மனைவி கேட்டாள். ஆயர் அலுவலகம் என்றேன். அவள் உறையைப் பார்த்தாள், என் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். பஸ் ஏறியதிலிருந்து எனக்கு ஒரே கவலை, மனு உயிரோடு இருக்குமா என்பதுதான். போன வாரம் செத்திருந்தால் நல்லது என்று நினைத்தவன், இந்த வாரம் சாகாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனேன்.

திருமண நீதிமன்றம் என்பது ஒரு சின்ன அறை. வெள்ளை அங்கியில் நடுத்தர வயதுச் சாமியார் ஒருவர், கணினியில் ஒரு சிஸ்டர். உறையைப் பார்த்ததுமே அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார். நான் உட்காராமல் கேட்டேன்.

"சாமி, புதுப் பாப்பரசர் வந்துட்டாரே. பழைய மனு செல்லுங்களா? புதுசா எழுதிக் குடுக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாப்பரசருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. உங்க தங்கச்சி வந்து சொல்லிட்டாங்க. அந்த ஆளுகூடத் திருப்பூர்ல இருந்து பதில் எழுதிட்டாரு. உங்க சாட்சி ஒண்ணுதான் வரணும். அதுக்குத்தான் மனு நிக்குது."

நான் உட்கார்ந்தேன். அடித்தவனே பதில் எழுதிவிட்டான். எழுதாமல் வைத்திருந்தவன் கூடப் பிறந்த அண்ணன்.

பைபிள் மேல் கை வைத்து உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். மொட்டை மாடியைச் சொன்னேன், துணியைச் சொன்னேன், வைகையையும் சொன்னேன். தண்ணீர் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன், எதையும் விடக் கூடாது என்று. சிஸ்டர் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்தினார். அச்சுறுத்தல் யாரால் என்று கேட்டபோது, என்னால் என்றேன். ஓலை வாசித்தபோது கோயிலில் இருந்தீர்களா என்று கடைசியாகக் கேட்டார். இருந்தேன் சாமி, மூன்றாவது வரிசையில் என்றேன். முப்பத்துநான்கு வருடம் எத்தனையோ பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அன்று என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாதபடி கோணலாக விழுந்தது.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் ஸ்டூல் மேல் நின்று மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கை கீழே நின்று திருகாணிகளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன். கடிதம் வந்தது, நினைவூட்டு வந்தது, ஒரு வருடத்துக்கு மேல் நான்தான் வைத்திருந்தேன், இன்று போய் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், பாப்பரசர் எதையும் நிறுத்தவில்லை, நிறுத்தினவன் நான். அவள் கணவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். தங்கை கையிலிருந்த திருகாணிகளைப் பத்திரமாக ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

"தெரியும்ணே" என்றாள். "ரெண்டு கடிதம் போட்டோம், உங்க அண்ணன்கிட்ட இருந்து பதில் இல்லைன்னு சாமி போன வருசமே சொல்லிட்டாரு."

பிறகு ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்லிருவ. அப்புறம் நான் உன் வீட்டு வாசலுக்கு எப்படி வருவேன்? எனக்கு அண்ணன்னு நீ ஒருத்தன்தான இருக்க. அதான் பாப்பரசர் மேல பழியைப் போட்டேன். அவரு என்ன, கோவிச்சுக்கவா போறாரு?"

நற்கருணையை விட்டாலும் அண்ணனை விட வேண்டாம் என்று ஒருத்தி முடிவு செய்திருக்கிறாள். அன்று வாசலில் நின்று அவள் என்னிடம் கேட்டது கேள்வியே இல்லை. நான் தப்பித்துப் போக அவள் திறந்துவிட்ட கதவு. நான் குனிந்து செருப்பைக் கழற்றுவதுபோல அதில் நுழைந்து போயிருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிரும்மா என்று சொன்னேன். இடது கை. மணிக்கட்டில் எலும்பு இன்னும் சற்றுப் புடைத்துத்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அன்றுதான் தொட்டுப் பார்த்தேன்.

அவள் கணவர் காபி போட உள்ளே போனார். எங்கள் இரண்டு பேரையும் தனியாக விடத்தான் போகிறார் என்று தெரிந்தது. சர்க்கரை கம்மியா போடுங்க மாப்ள என்றேன். உள்ளே டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பொங்கல் முடிந்த வாரம் தீர்ப்பு வந்தது. முதல் கல்யாணம் செல்லாது. அன்பியம் கூட்டத்தில் பெண்கள் எல்லோரும் தங்கையைச் சூழ்ந்துகொண்டு, எப்படி இத்தனை சீக்கிரம் முடிந்தது என்று கேட்டார்கள். எல்லாம் புதுப் பாப்பரசர் வந்த நேரம், நல்ல கைராசிக்காரர் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பற்றி அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த உபதேசியார்கூட, அப்படியா என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். சிவப்பு மேலாடைக்குப் பூங்கொத்து வைத்த செயலாளர் என்ன நினைத்தாரோ, இரக்கமான மனிதர் என்று அவரும் சேர்ந்துகொண்டார். நான் காரபூந்தித் தட்டை வைத்துக்கொண்டு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பழியையும் பாப்பரசர் தலையில் போட்டாள், புகழையும் அவருக்கே கொடுத்துவிட்டாள். இரண்டிலும் என் பெயர் வராமல் பார்த்துக்கொண்டாள்.

தவக்காலம் என்ற நோன்பு நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால், அது வருவதற்கு முன் அவர்கள் கல்யாணத்தைக் கோயிலில் முறைப்படி வைப்பது என்று முடிவானது. ஓலை வேண்டாம் என்றால் விலக்குத் தரலாம், இத்தனை வருடம் சேர்ந்து வாழ்கிறவர்கள்தானே என்றார் பங்குச்சாமி. தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று ஓலையும் வாசிக்க வேண்டும் என்றாள். அறிவிப்புகளைப் படிப்பவன் நான்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் சிரமம் இல்லாமல் படித்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றேன். கடைசிப் பெஞ்சில், தன் சபையை விட்டு அன்று இங்கே வந்திருந்த மாப்ள கை கட்டி உட்கார்ந்திருந்தார். பாயில், பிள்ளைகளுக்கு நடுவே, தங்கை. அவள் பெயரைப் படித்தேன். மாப்ளயின் பெயரைப் படித்தேன். இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் என்று படித்ததும் எனக்குக் குரல் நின்றுவிட்டது. கோயில் முழுக்க என்னையே பார்த்தது. வார்த்தை தெரியாமல் நிற்கிறேன் என்று நினைத்து உபதேசியார் எழுந்து வரப் பார்த்தார்.

தங்கை பாயிலிருந்தே என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், படிண்ணே என்பதுபோல. மீதியைப் படித்து முடித்தேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதாத ஒன்றையும் ஒலிபெருக்கியில் சொன்னேன்.

"பெண்ணுக்கு அண்ணன் நான். எனக்குத் தெரிந்து எந்தத் தடையும் இல்லை."